ராத்திரிச் சோற்றை நிறுத்தியது நான்தான்

மூன்றாவது சுற்றில் சுகுணா உட்கார்ந்துவிட்டாள்.

விழவில்லை. கால் தடுக்கவும் இல்லை. ஓடிக்கொண்டிருந்தவள் நடந்தாள், பிறகு நின்றாள், பிறகு அப்படியே பாதையின் நடுவில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மண்ணில் ஊன்றிக்கொண்டாள். அவசரமே இல்லாமல் செய்தாள். தூரத்திலிருந்து பார்த்தவர்கள், ஷூ கயிறு கட்ட உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் நகரியின் கல்லூரி மைதானம். அப்போதுதான் வெளுத்து வந்தது. மலைக்குப் பின்னால் வானம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. தெருக்களிலிருந்து விசைத்தறிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் அந்தச் சத்தம் நின்றால்தான் திரும்பிப் பார்ப்போம்.

நான் அரைச் சுற்று பின்னால் இருந்தேன். எனக்கு நாற்பத்திரண்டு வயது. நான் ஓட்டம் என்று சொல்வதை மற்றவர்கள் நடை என்பார்கள். மூச்சு வாங்க அவளிடம் போய்ச் சேர்ந்தேன்.

“இன்னா ஆச்சு?”

“கால் வரல அண்ணி.”

“வலிக்குதா?”

“வலியெல்லாம் இல்ல. கால் இருக்கறதே தெரியல.”

முகத்தில் வியர்வை இருந்தது. தொட்டால் சில்லென்றிருந்தது. ஊன்றிய கைகள் மெல்ல நடுங்கின. தினமும் காலையில் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்களிடம் ரத்தம் எடுக்கிறவள் நான். அந்த நடுக்கத்தை அடையாளம் தெரியாமல் இருக்க முடியாது. ஆனாலும் அன்றைக்கு நான் சொன்னது இதுதான்: “மனசு வெச்சா முடியும் சுகுணா. எழுந்திரு.”

இந்தத் தொடரில் இதுவரை என் ஆய்வகத்தைப் பற்றி எழுதியபோதெல்லாம் நான் கொஞ்சம் கெட்டிக்காரியாகத் தெரிந்திருப்பேன். இந்த வாரம் அப்படி இருக்காது.

இரண்டு பைகள்

சுகுணா என் வீட்டுக்காரருடைய தங்கை. திருத்தணிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு மாசி மாதத்தில், மதிய நேரத்தில், இரண்டு துணிப்பைகளோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். இடது காதுக்குக் கீழே ஒரு காயம் ஆறிக்கொண்டிருந்தது. நாங்கள் கேட்கவில்லை. அவள் சொல்லவும் இல்லை. திரும்பிப் போகமாட்டாள் என்பது மட்டும் மூன்று பேருக்கும் தெரிந்தது.

எங்கள் ஒரே மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் அறை காலியாக இருந்தது. ஆனால் சுகுணா அந்த அறையில்கூட ஒரு மூலையைத்தான் எடுத்துக்கொண்டாள். அலமாரியில் பையை வைக்கச் சொன்னால், “இங்கியே இருக்கட்டும் அண்ணி” என்று கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். காலையில் எழுந்தால் வாசல் தெளித்திருக்கும். என் வீட்டுக்காரர் தறியை ஓட்டுவதற்குள் ஊடை நூலைக் குச்சியில் சுற்றித் தார் தயாராக வைத்திருப்பாள். ஒரு வீட்டில் எவ்வளவு கொஞ்சமாக இருக்க முடியுமோ அவ்வளவு கொஞ்சமாக இருந்தாள்.

மூன்றாவது வருஷம் காவலர் வேலைக்கு அறிவிப்பு வந்தது. தெலுங்கு மீடியத்தில் இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்தவள். எங்களிடம் சொல்லாமலே விண்ணப்பித்திருந்தாள். முதல் எழுத்துத் தேர்வில் தேறிய பிறகுதான் ஃபோனைக் கொண்டுவந்து காட்டினாள்.

“அடுத்தது ஓட்டம் அண்ணி. சித்தூர்ல. நாலு ரவுண்டு, பத்தரை நிமிஷம். வயசுக்கு எனக்கு இதான் கடைசி சான்ஸ்.”

அவளுக்கென்று ஏதோ ஒன்று வேண்டும் என்று அவள் காட்டிக்கொண்டதே அன்றைக்குத்தான்.

தனியாக அனுப்ப முடியாது. விடியற்காலையில் ரோட்டில் நாய்கள், லாரிகள், அப்புறம் ஊர் வாய். அதனால் நானும் கூட ஓடுவது என்று முடிவானது. என் மகள் விட்டுப்போன ஷூ சுகுணாவுக்குச் சரியாக இருந்தது. எனக்கு மட்டும் புத்தூரில் புதிதாக வாங்கினோம்.

சர்க்கரை பார்க்கிற வேலை

நான் திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். தினமும் பஸ். புத்தூர், வடமாலபேட்டை தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போவது, ரத்தம் எடுப்பது, எழுதுவது, வருவது. திரும்புகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காத நாட்களில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கியிருக்கிறேன்.

வருகிறவர்களில் பாதிப் பேர் சர்க்கரைக்காகத்தான் வருகிறார்கள். இருபது வயதுப் பையன்கள்கூட. ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போது டாக்டர் சொல்கிற முதல் வார்த்தை, “ராத்திரி அன்னம் தக்கிஞ்சண்டி”. அதாவது, சோற்றைக் குறையுங்கள். இத்தனை வருஷம் பக்கத்து மேசையிலிருந்து கேட்டுக்கேட்டு எனக்கு அது வேத வாக்காகிவிட்டது.

என் நைனாவுக்கும் சர்க்கரை. கடைசியில் வலது காலில் மூன்று விரல்களை எடுத்தார்கள். ஒரு நாள் ஆய்வகத்தில் கூட்டம் குறைந்த நேரத்தில் என் ரத்தத்தையே எடுத்துப் பார்த்தேன். எல்லைக்கோட்டில் இருந்தது. அன்று மாலை பஸ்ஸில் வரும்போது என் கால் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்தப் பயத்தோடுதான் ஓட்டத்துக்குச் சட்டம் போட்டேன். ராத்திரியில் சோறு கிடையாது. களி, சப்பாத்தி எதுவும் கிடையாது. இரண்டு அவித்த முட்டை, வெள்ளரிக்காய், ஒரு டம்ளர் மோர். எனக்கும் அதுதான், சுகுணாவுக்கும் அதுதான்.

“வயிறு கொறஞ்சா கால் லேசாவும்” என்று அவளிடம் சொன்னேன். “உனக்கும் இடுப்புல சதை போட்டுக்கினு வருது. இப்பவே பாத்துக்கணும். சோறுன்னா அல்லாம் சக்கரைதான்.”

“சரி அண்ணி” என்றாள்.

அவள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வாள். அதில் எந்தச் ‘சரி’ எதற்கு என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் வழக்கம்போல ராத்திரி சோறு சாப்பிட்டார். தறியில் நிற்கிறவருக்குத் தெம்பு வேண்டும் என்று நானே போட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் வெள்ளரிக்காய். ஆனால் நான் மதியம் ஆய்வகத்தில் டிபன் பாக்ஸ் நிறையச் சோறு சாப்பிட்டேன். ஆறரை மணிக்குத் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் டீயும் பன்னும். அதனால் ராத்திரி முட்டையோடு படுப்பது எனக்குப் பெரிய தவமாகத் தெரியவில்லை. பகலில் வீட்டில் சுகுணா என்ன சாப்பிட்டாள் என்று நான் கேட்டதே இல்லை. அண்ணன் சாப்பிட்டு எழுந்த பிறகு பானையில் இருந்ததைச் சாப்பிட்டிருக்கிறாள். இருந்தால்.

முதல் பத்து நாள் நன்றாகத்தான் ஓடினாள். நான்கு சுற்றுக்குப் பதினொரு நிமிஷம். இன்னும் அரை நிமிஷம்தானே, வந்துவிடும் என்றேன். பிறகு பதினொன்றரை ஆனது. பிறகு பன்னிரண்டைத் தாண்டியது. காலையில் எழுப்பினால் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தலை வலிக்கிறது என்பாள். பகலில் தார் சுற்றும்போதே கண் செருகுகிறது என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

“சீக்கிரமா படு” என்றேன். “ஃபோன் பாக்காத” என்றேன். தோன்றியதையெல்லாம் சொன்னேன், ஒன்றைத் தவிர.

பாலசமுத்திரத்துப் பெண்

அதே மைதானத்தில் ரேவதி என்று ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தாள். பாலசமுத்திரத்துக்காரி. அதே வேலைக்குத் தயாராவதற்காக நகரியில் மாமன் வீட்டில் தங்கியிருந்தாள். வீட்டில் தெலுங்கு, எங்களோடு பேசும்போது பாதித் தமிழ். சுகுணா என்னை அண்ணி என்று கூப்பிடுவதைப் பார்த்து, தெலுங்கில் அண்ணி என்பதற்கு என்ன சொல்வார்களோ அப்படி, அவளும் என்னை வதினா என்றுதான் கூப்பிடுவாள்.

அன்றைக்கு சுகுணா உட்கார்ந்த இடத்துக்கு ரேவதி தன் சுற்றை முடித்துக்கொண்டு வந்தாள். குனிந்து சுகுணாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைக் கேட்டாள்.

“வதினா, ராத்திரி ஏம் தினிந்தி? இவ இன்னா துன்னா?”

“முட்டை, வெள்ளரிக்காய்” என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

“அன்னம்?”

“ராத்திரி நாங்க சோறு துன்றதில்ல.”

ரேவதி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “சோறு லேகுண்டா எட்ல? சோறு இல்லாம எப்டி? காலைல அஞ்சு மணிக்கு ஓடணும். ராத்திரி போட்டாத்தான வதினா கால்ல இருக்கும்? நான் ஏழு மணிக்கே ரெண்டு உருண்டை ராகி சங்கட்டி துன்னுட்டுத்தான் படுப்பேன்.”

சங்கட்டி என்றால் எங்கள் பக்கத்துக் களிதான், கொஞ்சம் சோறு சேர்த்துக் கிண்டுவது. அவள் பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து உடைத்து சுகுணாவின் கையில் வைத்தாள். “துன்னு ஃபஸ்ட்டு” என்று சொல்லிவிட்டு அடுத்த சுற்றுக்கு ஓடிவிட்டாள்.

சுகுணா அதை வாயில் போடவில்லை. கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“துன்னு. என்னை ஏன் பாக்கற?”

“சக்கரை வேணாம்னு சொன்னீங்களே.”

“அது ஓட்டத்துக்காகத்தானே சொன்னேன்.”

அவள் மிட்டாயை மெதுவாகக் கடித்தாள். ஒரு சில்லு மண்ணில் விழுந்தது. அதை எடுத்து ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு மண்ணைப் பார்த்தபடியே பேசினாள்.

“நேராவே சொல்லி இருக்கலாம் அண்ணி.”

“இன்னாத்த?”

“நான் வந்து மூணு வருஷம் ஆவுது. எத்தினி நாளைக்கி நீங்களும் போடுவீங்க? ராத்திரி வேளைக்கி வேணாம்னு சொல்லி இருந்தா நானே புரிஞ்சிக்கினு இருப்பேன். சக்கரை, இடுப்பு சதைன்னு சுத்திவளைச்சி சொல்லணும்னு இல்ல. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவள் குரலில் கோபமே இல்லை. ரொம்ப நாளாகத் தூக்கிக்கொண்டிருந்த ஒன்றைக் கீழே வைக்கிறவளைப் போல அலுப்பாகச் சொன்னாள்.

நான் அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தேன். என்ன பதில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருப்பேன். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள், அதனாலேயே அதை யாரும் நம்பமாட்டார்கள்.

வீட்டுக்குக் கூட்டிவந்து விரலில் குத்திப் பார்த்தேன். எழுபதுக்குக் கீழே போகக் கூடாத சர்க்கரை, அறுபதுகளில் இருந்தது. கடலை மிட்டாய் சாப்பிட்ட பிறகும்.

பானையின் அடி

அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை.

நானும் அந்த வீட்டுக்கு வந்தவள்தான். கல்யாணமான புதிதில் என் மாமியார் இருந்தார், இரண்டு கொழுந்தன்கள் இருந்தார்கள், சுகுணா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் நான் உட்காருவேன். கரண்டி பானையின் அடியில் உரசுகிற சத்தம் அடுத்த அறையிலிருந்து கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே எனக்கு எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்வேன். “உனக்குப் போதுமா?” என்று மாமியார் கேட்டால், “போதும், மதியமே நெறைய துன்னுட்டேன்” என்பேன். அவர் கெட்டவர் இல்லை. இன்னும் கொஞ்சம் ஆக்கட்டுமா என்று கேட்டிருந்தால் ஆக்கச் சொல்லியிருப்பார். எனக்குத்தான் வாய் வராது. இது என் வீடு என்று தோன்ற எனக்கு எட்டு வருஷம் ஆனது.

இதெல்லாம் தெரிந்தவள்தான் நான். அதே வீட்டில், அதே பானைக்கு முன்னால் இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை.

படித்ததும் உதவவில்லை. நாம் சாப்பிடுகிற மாவுச்சத்தைக் கல்லீரலும் தசையும் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கும், தூங்கும்போது கல்லீரலில் உள்ளது கரையும், ஓடும்போது தசையில் உள்ளது கரையும். டிப்ளமோவில் இதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். படம் வரைந்து அம்புக்குறிகூடப் போட்டேன். அந்தச் சேமிப்பு ஒரு பெண்ணுக்கு நாள் கணக்கில் காலியாகிக்கொண்டிருந்தபோது, மனசு வை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சர்க்கரை நோயாளிகளையே பார்த்துப் பார்த்து, உலகத்தில் எல்லோருக்கும் சோறு அதிகமாகிவிட்டது என்று எனக்குத் தோன்றிவிட்டது போலிருக்கிறது.

அடுப்பு கைமாறியது

அன்று ராத்திரி பெரிய பானையில் சோறு வடித்தேன். பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். சுகுணாவைக் கூப்பிட்டேன்.

“பசிக்கல அண்ணி.”

மறுநாளும் அதேதான். காலையில் அப்படிச் சொன்னவளுக்கு ராத்திரியே சோறு போட்டால் அதை எப்படிச் சாப்பிடுவாள்? எனக்கு அது புரிய இரண்டு நாள் ஆனது.

“உங்க ரெண்டு பேருக்கும் இன்னா நடக்குது?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். சொன்னேன். அவர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

“அப்டியா நெனச்சிக்கினு இருந்தா? நான் போய் சொல்றேன்.”

“வேணாங்க. நீங்க சொன்னா அதுவும் சோறு போட்டதச் சொல்லிக்காட்டற மாதிரி ஆயிடும்.”

மூன்றாம் நாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சுகுணாவைக் கூப்பிட்டேன். யோசித்து வைத்து எதுவும் சொல்லவில்லை. உண்மையாகவே களைத்துப்போயிருந்தேன். அதைத்தான் சொன்னேன்.

“சுகுணா, என்னால முடியல. பஸ்ஸ உட்டு எறங்கனா அடுப்பு முன்னாடி நிக்க தெம்பு இல்ல. இனிமே ராத்திரி சமையல் உன்னுது. இன்னா ஆக்கறது, எவ்ளோ ஆக்கறது, எப்ப துன்றது, அல்லாம் நீ பாத்துக்க. நான் வந்து துன்னுட்டுப் படுத்துக்கறேன்.”

அவள் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். “அரிசி எவ்ளோ போடட்டும்?”

“என்னைக் கேக்காத.”

அதுவரை நான் ஏன் அந்த அடுப்பை விடவில்லை என்று அன்று பஸ்ஸில் யோசித்தேன். எட்டு மணிக்கு வந்து, காலைக்கூடக் கழுவாமல் அடுப்பைப் பற்றவைத்து, எல்லோர் மேலேயும் எரிந்து விழுந்துகொண்டு சமைத்திருக்கிறேன். பகலெல்லாம் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தும். பொறுப்பு என்று சொல்லிக்கொண்டேன். அது பொறுப்பு மட்டும் இல்லை. அதற்குமேல் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

முதல் வாரம் அவள் பயந்து பயந்து ஆக்கினாள். எங்களுக்குப் போட்டுவிட்டு, தட்டில் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். நான் பார்க்காதது போல இருந்தேன்.

ஒரு நாள் ஆய்வகத்தில் மெஷின் பழுதாகி எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். ஏழு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். சமையலறையில் விளக்கு எரிந்தது. சுகுணா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் சூடாக இரண்டு உருண்டை சங்கட்டி, நடுவில் குழி செய்து அதில் பருப்பு, ஓரத்தில் வேர்க்கடலைத் துவையல். ஆவி வந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் தட்டோடு எழப் பார்த்தாள்.

எங்கள் வீட்டில் ஆண்கள் சாப்பிடுவதற்கு முன்னால் எந்தப் பெண்ணும் தட்டு போட்டு உட்கார்ந்ததில்லை. நான் உட்பட.

“ஏழு மணிக்கு துன்னாத்தான் காலைல வயிறு லேசா இருக்குதுன்னு ரேவதி சொன்னா” என்றாள் அவசரமாக. “லேட்டா துன்னா ஓடும்போது மேல வருது அண்ணி.”

“உக்காரு. ஆறிடப்போவுது.”

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரரும் தறியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். பார்த்தார். “இன்னா, எங்களுக்கு முன்னாடியே ஆயிட்ச்சா?”

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் சுகுணாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“ஓடறவ முன்னாடி துன்னுவா” என்றேன். “நீங்க ஓடறீங்களா காலைல?”

அவர் என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். “எனக்கும் ஒரு உருண்டை வை. வாசனை நல்லா கீது.”

நான் தோளில் பையோடு அப்படியே நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. கால் மட்டும் வலித்தது.

காலையின் கால்கள்

மறுநாளே பறந்தாள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. முதல் நான்கைந்து நாள் எந்த மாற்றமும் இல்லை. தலைவலிதான் முதலில் போனது. பிறகு நான் எழுப்பாமலே எழ ஆரம்பித்தாள். ஒரு வாரம் கழித்து நான்காவது சுற்றில் என்னைத் தாண்டிப் போகும்போது ஏதோ பேசிக்கொண்டே போனாள். பேச மூச்சு மிச்சம் இருக்கிறது என்று அப்போதுதான் கவனித்தேன்.

தவறுகளும் செய்தோம். வடமாலபேட்டையில் ஒரு கல்யாண வரவேற்பில் நேரம் கழித்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து, மறுநாள் இரண்டாவது சுற்றிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பரோட்டா சாப்பிட்ட மறுநாளும் அப்படித்தான், உடம்பெல்லாம் ஈரச் சாக்கு போல இருக்கிறது என்றாள். சங்கட்டி, ரசம் சோறு, நாலு இட்லி, இவைதான் அவளுக்குச் சரிப்பட்டன. எண்ணெய் இல்லாமல், நேரத்தோடு.

அதே சங்கட்டியை நானும் இரண்டு உருண்டை சாப்பிட்டுப் பார்த்தேன். காலையில் என் சர்க்கரை ஏறியிருந்தது. ஆகவே எனக்கு ஒரு சின்ன உருண்டையோடு சரி. இரண்டு பேரும் ஒரே மைதானத்தில்தான் ஓடினோம், ஒரே பானையில்தான் சாப்பிட்டோம். என் பத்தியத்தை அவள் தட்டில் வைத்ததுதான் நான் செய்த தப்பு.

ஒரு மாதத்தில் பத்தரைக்குள் வந்தாள். எல்லா நாளும் இல்லை.

சித்தூர்

முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். சுகுணா போலீஸ் ஆகவில்லை. ஓட்டத்துக்குப் பிறகு இன்னொரு எழுத்துத் தேர்வு இருந்தது. அதன் பட்டியலில் ரேவதியின் பெயர் வந்தது, இவள் பெயர் வரவில்லை. இப்போது ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். நான்கு பெண்களோடு ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். போன மாதம் போயிருந்தேன். கட்டிலுக்கு அடியில் பைகள் எதுவும் இல்லை. துணிகளை அலமாரியில் அடுக்கியிருந்தாள்.

ஆனால் ஓட்டத்தன்று நடந்ததை எழுதாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க முடியாது.

முந்தின நாள் மதியமே சித்தூர் போய்ச் சேர்ந்தோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். கீழே ஓட்டலில் பரோட்டா மாவை அடித்துக்கொண்டிருந்தார்கள். சுகுணா வீட்டிலிருந்து கேரியரில் சோறும் பருப்பும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆறு மணிக்குத் திறந்தாள். ஒரு வாய் வைத்தாள். இறங்கவில்லை.

“பயமா கீது அண்ணி. தொண்டையிலயே நிக்குது.”

துன்னு என்று சொல்லக்கூட எனக்குப் பயமாக இருந்தது. கீழே போய் ஒரு பாக்கெட் மோர் வாங்கிவந்து பக்கத்தில் வைத்தேன். அவள் சோற்றில் ஊற்றிக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கேரியரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தாள்.

காலையில் மைதானத்துக்குள் எங்களை விடவில்லை. வெளியே வேலி ஓரமாக அம்மாக்கள், அக்காக்கள், கணவன்மார்கள். எனக்கு ஓடுபாதையில் ஒரு வளைவு மட்டும்தான் தெரிந்தது. மார்பில் எண் ஒட்டிய பெண்கள் கூட்டமாக அந்த வளைவில் வருவார்கள், மறைவார்கள். சுகுணா முதல் சுற்றில் நடுவில் இருந்தாள். இரண்டாவதிலும் நடுவில்தான். மூன்றாவது சுற்றில் கூட்டம் சிதறியது. ரேவதி முன்னால் போய்விட்டாள். ஒரு பெண் வளைவிலேயே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அவளைச் சுற்றிக்கொண்டு சுகுணா வந்தாள். வாய் திறந்திருந்தது. காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நடக்கவில்லை. அது ஒன்றைத்தான் நான் பார்த்தேன். வளைவில் மறைந்தாள்.

நான்காவது சுற்றை நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா என் தோளைப் பிடித்து, “எவரம்மா மீவாள்ளு, ஏ நம்பர்?” என்று உங்கள் பெண் யார், எந்த எண் என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எண் மறந்துவிட்டது.

வெளியே விட ஒன்றரை மணி நேரம் ஆனது. வெயில் ஏறிவிட்டது. ஒவ்வொருத்தியாக வந்தார்கள். சிலர் அழுதுகொண்டு, சிலர் ஃபோனில் கத்திக்கொண்டு. சுகுணா கடைசியில் வந்தாள். முட்டி வரைக்கும் செம்மண். முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“இன்னா ஆச்சு?”

“பத்து நிமிஷம் இருபத்தி ரெண்டு செகண்டு.”

“அப்டின்னா?”

“பாஸு.”

கையைப் பிடித்தேன். அவள் என் கையை விடாமல் வேலி ஓரத்துச் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ரோட்டில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் முட்டியில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிவிட்டாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணி, பசிக்குது.”

மூன்று வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட. அவளுக்கு அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

எதிர்ப்பக்கம் ஒரு தள்ளுவண்டியில் இட்லி வெந்துகொண்டிருந்தது. நான் எழுவதற்குள் அவளே எழுந்து ரோட்டைக் கடந்து போய்விட்டாள். “அண்ணா, ஆறு இட்லி” என்று அவள் சொல்வது இங்கே வரைக்கும் கேட்டது.